தமிழ்தானே, என்ன செலவு?

போன வாரம் வீடு மாற்றும்போது மூன்று கணக்கு நோட்டுகள் கையில் சிக்கின. மூன்றும் அப்பா தைத்துத் தந்தவை. சிவகாசியில் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர் அவர். வெட்டி மிஞ்சிய தாள்களைச் சேர்த்து, நூல் கோத்து, மேலே காலண்டர் அட்டையை ஒட்டிக் கொடுத்தார். ஒரு நோட்டின் அட்டையில் முருகன், ஒன்றில் ஊட்டித் தேயிலைத் தோட்டம், மூன்றாவதில் பாதி வெட்டுப்பட்ட ஒரு குழந்தை. 2019 ஆகஸ்டில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிகிற கணக்கு. முதல் வரி: முனைவர் பட்ட ஆய்வுக்கான பதிவுக் கட்டணம். நேரே தொகை. அதற்கும் நேரே, பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான கட்டத்தில், சிவப்பு மையில் 'அம்மா'. அடுத்த பதினோரு பக்கங்களுக்கு அந்தக் கட்டத்தில் வேறு பெயரே அதிகம் இல்லை.

இதை எழுத வைத்தவன் துறையில் எனக்குப் பின்னால் படித்த தம்பி ஒருவன். முதுகலை முடித்துவிட்டு, தமிழில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா என்று கேட்டுப் போன மாதம் தொலைபேசியில் அழைத்தான். "தலைப்பெல்லாம் இருக்கிறது அக்கா. பணத்துக்குத்தான் என்ன வழி என்று தெரியவில்லை" என்றான். நான் ஏதோ சொல்லி வைத்தேன். நோட்டுகளைப் புரட்டிய பிறகு, அரைகுறையாகச் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது.

நான் ஆய்வு செய்தது கொலைச் சிந்துகளை. ஊரில் ஒரு கொலை விழுந்தால், ரயில் கவிழ்ந்தால், வெள்ளம் வந்தால், சில நாட்களிலேயே அதைப் பாட்டாகக் கட்டி, எட்டுப் பக்கத்தில் மட்டமான தாளில் அச்சடித்து, சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பாடிக்கொண்டே விற்பார்கள். அரையணா, ஓரணா. வாங்கியவர்கள் பாடிவிட்டுத் தூக்கிப் போட்ட பொருள் அது. நூலகங்களில் இருப்பது எஞ்சியதில் எஞ்சியதுதான். மீதி பழைய பேப்பர் கடைகளிலும், பாட்டு விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுப் பரணிலும் கிடக்கிறது. தேடிப் போக வேண்டும். போனால் ஆள் இருக்க மாட்டார். மறுபடி போக வேண்டும். இருந்தாலும் முதல் நாளே பெட்டியைத் திறந்து காட்டிவிட மாட்டார்.

இந்தத் தலைப்பைச் சொன்னதும் பெரியப்பா கேட்டார்: "தமிழ்தானே, இதில் என்ன செலவு? உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாட்டின் விதிப் புத்தகமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகையில், மாதத் தொகை அறிவியலுக்கும் கலைத் துறைகளுக்கும் ஒன்றுதான். ஆனால் புத்தகம், பயணம், நகல் போன்றவற்றுக்காக ஆண்டுதோறும் தருகிற சில்லறைச் செலவுத் தொகையில் (நாங்கள் எல்லோரும் கண்டிஜென்சி என்றுதான் சொல்வோம்) வித்தியாசம் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அறிவியல் மாணவருக்கு ஆண்டுக்கு 12,000, எங்களுக்கு 10,000. அதன் பிறகு அவர்களுக்கு 25,000, எங்களுக்கு 20,500. வேதியியல் மாணவிக்குக் குடுவையும் அமிலமும் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் சங்கரன்கோவிலுக்கும் கழுகுமலைக்கும் எட்டயபுரத்துக்கும் மூன்று மூன்று முறை பேருந்துக் கட்டணம் வேண்டும். அது யாருடைய மனதிலும் ஆய்வுக்கூடமாகத் தோன்றுவதில்லை.

உதவித்தொகைக்கு முந்தைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர்களில் பெரும்பாலானவர்கள் அந்தக் கதையோடே முடிந்துபோகிறவர்கள்.

எம்.ஃபில். முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு ஆண்டு பாடம் நடத்திவிட்டு, 2019இல் முழுநேர ஆய்வாளராகப் பதிவு செய்தேன். முழுநேரம் என்றால் வேறு வேலை பார்க்கக் கூடாது. பகுதிநேரம் என்றால் வேலை பார்க்கலாம், ஆனால் உதவித்தொகைக்கு வழியில்லை. கையில் எதுவும் வராத நிலையில் முழுநேரத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது, இனி வரப்போகிற ஒரு தேர்வு முடிவின் மேல் பந்தயம் கட்டுவது. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் எனக்கு ஏற்கெனவே தகுதி இருந்தது. அது உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதி மட்டும். அதற்குக் காசு கிடையாது. அதே தேர்வில் இன்னும் மேலே வந்தால்தான் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை. நூற்றைம்பது கேள்வி, முந்நூறு மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு இரண்டு மதிப்பெண் வீதம், ஒருத்தியின் ஐந்தாண்டு வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கென்று தனியாக ஒரு தேசிய உதவித்தொகை இருக்கிறதே என்று ஆறுதலாகத் தேடிப் பார்த்தேன். அதற்கும் நெட் வழியாகத்தான் ஆளெடுக்கிறார்கள்.

என் தோழி புதுச்சேரியில் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அவளுக்கு ஜே.ஆர்.எஃப். இல்லாமலேயே மாதம் 8,000 வந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேருகிற நெட் தேறாத ஆய்வாளர்களுக்கும் 2006 முதல் ஒரு தொகை உண்டு. முதலில் 5,000, 2012இல் 8,000. மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களுக்கு அது இல்லை. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் போவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்தபோது, டெல்லியில் அதன் அலுவலக வாசலிலேயே மாணவர்கள் இரவு பகலாகக் கிடந்தார்கள். நான் அப்போது எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. செய்தித்தாளில் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியது நினைவிருக்கிறது. தொகை தப்பித்தது. உயரவில்லை. தோழி சேர்ந்த 2019இலும் அதே 8,000தான். அதை அவள் குறைவென்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். என் நோட்டில் அந்த மாதம் வரவு 1,240 என்று இருக்கும்.

அந்த 1,240 மெய்ப்புத் திருத்தியதில் வந்தது. பதிப்பகங்களுக்குப் பக்கத்துக்கு எட்டு ரூபாய்க்குப் பிழை திருத்தினேன். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்து, கனவிலும் வல்லெழுத்து வந்தது. 2020இல் விடுதியை மூடினார்கள். சிவகாசிக்குத் திரும்பினேன். தேர்வும் தள்ளித் தள்ளிப் போனது. 2020 டிசம்பர் சுற்றையும் 2021 ஜூன் சுற்றையும் ஒன்றாகச் சேர்த்து, நவம்பர் முதல் ஜனவரி வரை நடத்தினார்கள். 2022 பிப்ரவரியில் முடிவு வந்தது. ஜே.ஆர்.எஃப்.! அப்பா அச்சகத்துக்கு இனிப்பு வாங்கிப் போனார். மாதம் 31,000. வேலையில் முப்பது ஆண்டு முடித்த அவருடைய சம்பளத்தை விட அதிகம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா சொன்னார்.

இங்கேதான் தம்பியிடம் சொல்ல மறந்த முதல் விஷயம் வருகிறது. உதவித்தொகை கிடைப்பது வேறு, பணம் கிடைப்பது வேறு. சேர்க்கை அறிக்கை, நெறியாளர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, பதிவாளர் அலுவலக முத்திரை எல்லாம் வாங்கி, இணையத்தில் ஏற்ற வேண்டும். பிறகு மாதாமாதம் பல்கலைக்கழகத்தில் ஒருவர் 'இந்த மாணவி இருக்கிறாள்' என்று பதிவிட வேண்டும். இன்னொருவர் அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் மாற்றலாகிப் போனால், ஒருவருடைய கடவுச்சொல் மறந்து போனால், நான் அந்த மாதம் இல்லை. அலுவலகத்தில் விசாரித்தால், "மேடம், உங்கள் ஃபைல் மேசையில்தான் இருக்கிறது" என்பார்கள். மேசையில் இருந்தது உண்மைதான். நானே பார்த்தேன், ஒரு டிஃபன் பாத்திரத்துக்குக் கீழே.

முதல் தொகை அக்டோபரில் வந்தது. ஏழரை மாதத்துக்கு மொத்தமாக, இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அந்த ஏழரை மாதம் எப்படி ஓடியது என்பதற்கு நோட்டில் ஒரே வரி: 'சீட்டு எடுத்தது'. அம்மா தெருவில் கட்டி வந்த ஒரு இலட்சம் ரூபாய் ஏலச் சீட்டை, கடைசி வரை காத்திருந்தால் முழுதாக வந்திருக்கும் சீட்டை, பதினெட்டாயிரம் தள்ளி எடுத்தார். ஒரு கடவுச்சொல்லின் விலை பதினெட்டாயிரம் என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கோபத்தில் எழுதியதால் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

2023 ஜூனில் தொகையை 37,000 ஆக உயர்த்தினார்கள். அந்த ஜனவரியிலிருந்தே கணக்கு என்றார்கள். அதன் நிலுவையும் தன் போக்கில் வந்து சேர்ந்தது. குறை சொல்ல மாட்டேன். அந்த இரண்டரை ஆண்டுகள்தான் நான் ஆய்வாளராக வாழ்ந்த ஆண்டுகள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்து, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பத்துப் பத்து நாளாக உட்கார்ந்தேன். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒரு மனிதர், யாரும் கேட்காமலேயே, சம்பாதித்ததையெல்லாம் போட்டுச் சேர்த்த நூல்கள் அவை. அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே வைத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்தது. அவருக்கு எந்தக் குழு கண்டிஜென்சி தந்தது என்று ஒரு நாள் மதியம் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வெளியிட்டு வந்த நூற்பதிவுப் பட்டியல்களைப் பார்த்தேன். எந்த அச்சகம், எத்தனை படி, என்ன விலை என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறருடைய ஓரணாக் கணக்கை நான் நகலெடுத்துக்கொண்டிருந்தேன். நகலெடுத்த செலவை இரவில் என் நோட்டில் எழுதினேன்.

கண்டிஜென்சிக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. செலவு செய்துவிட்டு ரசீதோடு கேட்க வேண்டும். கோவில்பட்டியில் ஒரு பழைய பேப்பர் கடை அண்ணாச்சியிடம் ஒரு கட்டுச் சிந்துகள் இருந்தன. பதினேழு எண்ணம். மூன்று முறை போய் டீ குடித்து, அவருடைய மகள் கல்யாணப் பேச்சு வரை கேட்டு, நாலாவது முறை ஆயிரத்தைந்நூறுக்குப் பேசி முடித்தேன். ரசீது கேட்டேன். "எதுக்கு தாயி?" என்றார். கேட்டபின், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில், 'பழைய பாட்டுப் புஸ்தகம் 17க்கு ரூ.1500 பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதை அலுவலகத்தில் கொடுத்தபோது பிரிவு அலுவலர் முன்பக்கம் திருப்பி அன்றைய இராகு காலத்தைப் படித்தார். "ஜி.எஸ்.டி. எண் எங்கே மேடம்?" என்றார். வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். விரலால் தாளைத் தடவிவிட்டு, "இது நம் ஊரில் அடித்தது" என்றார்.

பேருந்துச் சீட்டு இன்னும் மோசம். இரண்டு ஆண்டுச் சீட்டுகளை மாதவாரியாகக் கவரில் போட்டு வைத்திருந்தேன். தொகை கேட்கும் நாளில் கவரைப் பிரித்தால் எல்லாம் வெள்ளைத் தாள். கையடக்க இயந்திரம் சூட்டில் அச்சிடுகிற தாள் அது, மசியே கிடையாது, சில மாதத்தில் எழுத்து மறைந்துவிடும் என்று அப்பா விளக்கினார். அண்ணாச்சியிடம் வாங்கிய கட்டில் 1926 என்று ஆண்டு போட்ட ஒரு ரயில் விபத்துச் சிந்து இருந்தது. தாள் விளிம்பு தொட்டால் உதிரும். எழுத்து மட்டும் நேற்று அடித்தது போல் கறுப்பு. அப்பா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, முதுகில் இருந்த துருப்பிடித்த கம்பியை ஊசி முனையால் நெம்பி எடுத்து, பழைய துளையிலேயே நூல் கோத்துக் கட்டினார். "கம்பியை விட்டு வைத்தால் துரு தின்றுவிடும்" என்றார். பழைய நூலைப் பாதுகாப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான். அந்த 1926ஆம் ஆண்டுச் சிந்தையும், நான் அதைத் தேடிப் போன 2022ஆம் ஆண்டுப் பேருந்துச் சீட்டையும் அருகருகே வைத்து ஒரு படம் எடுத்தேன். சீட்டு வெறும் வெள்ளை.

இனி உண்மையைச் சொல்கிறேன். என் ஆய்வேட்டின் தலைப்பில் 'தென் மாவட்டங்களில்' என்று ஒரு சொல் இருக்கிறது. முதலில் அது இல்லை. தமிழகம் முழுவதும் என்றுதான் திட்டம். கொங்குப் பக்கம் சந்தை சந்தையாகப் பாடி விற்ற குடும்பங்கள் இரண்டின் முகவரி கூடக் கையில் இருந்தது. இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பழைய தமிழ்ச் சிறுநூல்கள் நிறைய உண்டு என்பதும் தெரியும். உதவித்தொகை இல்லாத மூன்று ஆண்டுகளில் நான் வரைபடத்தை மடித்துக்கொண்டே வந்தேன். ஈரோடு போனது, சேலம் போனது, கடைசியில் காலையில் கிளம்பி இரவுக்குள் விடுதி திரும்பக்கூடிய ஊர்கள் மட்டும் மிஞ்சின. பணம் வந்த போது இயல்கள் பிரித்தாகிவிட்டன; மாற்ற நேரமில்லை. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் முதலில் பாராட்டியது என்ன தெரியுமா? ஆய்வெல்லையை மிகத் தெளிவாக வரையறுத்திருக்கிறேனாம். நன்றி ஐயா என்றேன். அந்த எல்லையை வரையறுத்தது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கடைசி வண்டி நேரம். இந்த மாதிரி எத்தனை ஆய்வேடுகளின் எல்லைகள் வரையப்பட்டிருக்கின்றன என்று அதற்குப் பிறகு யார் தலைப்பைக் கேட்டாலும் எனக்குச் சந்தேகம் வருகிறது. 'ஒரு வட்டத்தை முன்வைத்து' என்று முடிகிற தலைப்பைக் கண்டால், வட்டத்துக்கு வெளியே போகக் காசில்லை என்று படித்துக்கொள்கிறேன்.

தம்பி, உனக்குச் சில தகவல்கள். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு பொதுவாக 30 என்றாலும், நம் மாதிரி இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு, அவசரப்படாதே. மாநில அரசு முதலமைச்சர் பெயரில் ஓர் ஆய்வு உதவித்தொகை தொடங்கியிருக்கிறது. 2023இல் தேர்வு அறிவித்தபோது 120 இடம், அதில் பாதி கலை, சமூக அறிவியல் துறைகளுக்கு, மாதம் 25,000. நம் மாதிரி மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் ஆய்வு செய்கிறவர்களுக்கென்றே வந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியின ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் தருகிற திட்டம் தனியாக இருக்கிறது. என் அறைத் தோழிக்கு அது வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை வருகிற பணத்தை வைத்துக்கொண்டு மாதாமாதம் விடுதிக் கட்டணம் கட்டுவது எப்படி என்பதை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள். சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை நம்பி யாராவது இருந்தால் சொல்லிவிடு, 2022 டிசம்பரிலேயே அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். உன் தலைப்பில் சமூகம் இருந்தால் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்துக்கும், வரலாறு இருந்தால் வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். கொலைச் சிந்தைக் கொண்டு போனால் இங்கே இலக்கியம் என்பார்கள், அங்கே நாட்டார் வழக்காறு என்பார்கள். என் அனுபவம்.

இன்னொன்று. ஐந்தாண்டு முடிந்தாலோ, அதற்கு முன்பே ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாலோ உதவித்தொகை நின்றுவிடும். சமர்ப்பித்த நாளோடு. வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அதனால் மூத்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "முடித்து வைத்துக்கொள், கொடுக்காதே." எழுதி முடித்த ஆய்வேட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்து ஒன்றரை ஆண்டு உதவித்தொகை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சோம்பேறிகள் என்று அவர்களைத் திட்டுகிறார்கள். எனக்கு இளநிலையில் இரண்டு ஆண்டு முடிந்து, 2024 பிப்ரவரியில் முதுநிலை உதவித்தொகையாக 42,000 வரத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் நான் கொடுத்துவிட்டேன். வீரமெல்லாம் இல்லை, வேலைக்கு விண்ணப்பிக்கப் பட்டம் வேண்டும் என்பதுதான் காரணம். அதன் பிறகு எட்டு மாதம் மறுபடி மெய்ப்பு பார்த்தேன். இந்த முறை பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.

ஆய்வேட்டை அப்பாதான் கட்டினார். ஐந்து படி. அச்சக முதலாளியிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமை வெட்டு இயந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். முதுகில் தங்க எழுத்து. நடுவே ஒரு பக்கத்தில் நின்று எதையோ படித்தார். என்னவென்று எட்டிப் பார்த்தேன். அவர் கட்டிக் கொடுத்த அதே ரயில் விபத்துச் சிந்தின் படம்.

கடைசி கண்டிஜென்சிப் படிவத்தை மேசையில் விரித்து வைத்து நிரப்பிக்கொண்டிருந்தேன். தட்டச்சு, நகல், தாள் என்று வரிசையாக வந்து பைண்டிங் என்ற இடத்தில் நின்றேன். அப்பா பசை படிந்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அதற்கும் பில் வேண்டுமோ? முதலாளியிடம் கேட்டு ரசீதுப் புத்தகம் வாங்கி வருகிறேன். எவ்வளவு என்று போடட்டும்?" என்று கேட்டார்.

மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'பைண்டிங், 5 படி' என்று எழுதியிருக்கிறது. நேரே தொகைக் கட்டம் காலி. படிவத்திலும் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுத்தான் கொடுத்தேன்.